மூன்று பெண்களில் ஒருத்தி

சர்வேக்காரிக்கு முகத்தில் அறைந்தாற்போல் கதவு சாத்தப்படுவது புதிதல்ல. அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம். முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று, கழுத்து அட்டையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "வணக்கங்க, ஒரு அஞ்சு நிமிஷம்" என்று ஆரம்பிப்பதற்குள் உள்ளேயிருந்து "ஒண்ணும் வேணாம்" என்று குரல் வந்துவிடும். "நான் எதுவும் விக்க வரலைங்க" என்பாள். "அப்ப எதுக்கு வந்தே?" என்பார்கள். உங்கள் அபிப்பிராயத்தைத் தெரிந்துகொள்ள வந்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. எப்படி நம்புவார்கள்? அவரவர் வீட்டுக்குள்ளேயே அதை ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நாய்கள் அவளைத் துரத்தியிருக்கின்றன. ஒரு பெரிய மனிதர் எல்லாக் கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொல்லி முடித்துவிட்டு, "எங்கிட்ட இவ்வளவு கேட்டியே, நான் ஒண்ணு கேக்கறேன். இதெல்லாம் ஒரு பொழைப்பா?" என்று கேட்டிருக்கிறார். தெருவில் வாங்குகிற வசவு அவள் மேல் ஒட்டாது. செருப்பைக் கழற்றும்போதே அதையும் வாசலில் விட்டுவிட்டு வரத் தெரிந்தவள். வீட்டுக்குள் வாங்குவதுதான் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

அந்த வீட்டின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமனார் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை வைத்து மேலே வந்தவர். இப்போது பட்டறையில் மகன்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்க, இவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு மகன், ரெண்டு மருமக, ஒரே அடுப்பு. இந்தக் காலத்துல எவன் வீட்டுல இருக்கு, காட்டு பார்ப்போம்!" அந்த ஒரே அடுப்புக்கு முன்னால் இரண்டு மருமகள்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் எப்படி நின்றார்கள் என்பதை அவர் ஒரு தடவை எழுந்து வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பெருமைக்காரர்கள் எழுந்து வந்து பார்ப்பதில்லை.

மூத்த மருமகள், அதாவது சர்வேக்காரியின் ஓரகத்தி, அந்த வீட்டின் தூண் என்று பெயர் வாங்கியவள். சர்வேக்காரி கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை அவள் கண்ணெதிரிலேயே எடுத்து இன்னொரு முறை கழுவுவாள். வாயால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். சொல்ல வேண்டியதைக் குழாயைப் பார்த்துச் சொல்லுவாள். "ஊர்ல இருக்கிற படியெல்லாம் ஏறி இறங்கிட்டு நேரா அடுப்படிக்கு வந்துடறாங்க" என்பாள் குழாயிடம். சர்வேக்காரிக்குக் குழந்தை இல்லை. அதை ஓரகத்தி ஒருநாளும் சுட்டிக்காட்டியது கிடையாது. ஆனால் சர்வேக்காரி சின்னப் பிள்ளைகளின் துணியை மடிக்க எடுத்தால் மட்டும், "வை, நான் பாத்துக்கறேன்" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள்.

மாமியார் காலமாகிவிட்ட அந்த வீட்டில் மூன்றாவது பெண் நாத்தனார். கண்ணாடிக் கடையில் வேலை, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவள். காதில் ஹெட்போனோடு பிறந்தாளோ என்னவோ, வீட்டில் இடி விழுந்தாலும் பாட்டு முடிந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

சர்வேக்காரிக்குத் தனியாகப் போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. இரண்டு அறை, ஒரு குழாய், தான் கழுவிய பாத்திரம் தான் வைத்த இடத்தில் அப்படியே இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் போகவும் மனசு வரவில்லை, ஓரகத்தியின் மூத்த மகளால். பத்து வயது. ஒன்று சொன்னால் ஒன்பது கேட்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அவளுக்குக் கீழே ஒரு குட்டி, அதற்கு வாலு என்று பெயர். சர்வேக்காரி வீட்டுக்குள் நுழைந்ததும் முகம் மலர்கிற ஜீவன்கள் இவை இரண்டுதான். வக்கீலை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நினைத்துத்தான் வருஷக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

வினை பத்திரிகையில் வந்தது. தேர்தலுக்கு முன் கருத்துக் கணிப்பு ஒன்று போட்டிருந்தார்கள். மூத்தவருக்கு, அதாவது ஓரகத்தியின் கணவருக்கு, வேண்டிய கட்சி தோற்கும் என்று அதில் இருந்தது. அவர் பத்திரிகையைச் சாப்பாட்டு மேஜையில் ஓங்கி அடித்தார்.

"எவன்டா எங்கிட்ட வந்து கேட்டான்? எங்கிட்டயே கேக்காம, ஊரே சொல்லுதுன்னு எப்படிப் போடறான்?"

கேள்வி பத்திரிகைக்கு, பார்வை தம்பி மனைவிக்கு. அந்தக் கணிப்பை எடுத்தது வேறொரு கம்பெனி. அவளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சொல்லி என்ன பயன்?

"கதவைத் தட்டுறதுக்கு ஆளு ஒருத்தி இருக்கா, இஷ்டத்துக்கு எழுதறதுக்கு இன்னொருத்தன் இருப்பான்" என்றாள் ஓரகத்தி, குழாயிடம்.

சர்வேக்காரியின் கணவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். அவன் எப்போதும் அப்படித்தான்.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது வக்கீல் வந்து பக்கத்தில் நின்றாள். பின்னாலேயே வாலு.

"சித்தி, அப்பா கேட்டது நியாயம்தானே? எல்லார்கிட்டயும் கேக்காம எப்படித் தெரியும்?"

சர்வேக்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் இருந்தது. ஆனால் இந்த வீட்டில் அவள் வேலையைப் பற்றி யாராவது உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இந்தக் கொடியில இருக்கிற துணி காஞ்சிடுச்சான்னு சொல்லு."

வக்கீல் கைக்கெட்டிய ஒரு கைக்குட்டையைத் தொட்டாள். பக்கத்திலிருந்த இன்னொன்றையும் தொட்டாள். "காஞ்சிடுச்சு."

"எல்லாமே?"

"ம்."

"உங்கப்பா பேன்ட் பாக்கெட்டுல கையை விடு."

விட்டாள். ஈரம்.

"பார்த்தியா? வெயில்ல இருக்கிறது, மெலிசா இருக்கிறது, கைக்கெட்டறது, இதை மட்டும் தொட்டா எல்லாம் காஞ்சமாதிரிதான் தெரியும். அதுக்காகக் கொடி பூராத் தொடணும்னு இல்லே. மெலிசுல ஒண்ணு, தடிமன்ல ஒண்ணு, வெயில்ல ஒண்ணு, நிழல்ல ஒண்ணு. எதைத் தொடறதுன்னு நீ ஆசைப்பட்டு எடுக்கக் கூடாது, கண்ணை மூடிட்டுச் சீட்டு எடுக்கிற மாதிரி எடுக்கணும். அப்ப நாலஞ்சு துணி போதும், மொத்தக் கொடியும் எப்படியிருக்குன்னு சொல்லிடலாம். கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். அதையும் மறைக்காம எழுதணும்."

வக்கீல் யோசித்தாள். "அப்ப ஊர்ல யாரு பேன்ட் பாக்கெட்?"

"கதவைச் சாத்தறவங்க. அவங்களை விட்டுட்டுச் சிரிச்சுப் பேசறவங்களை மட்டும் எழுதிக்கிட்டு வந்தா, ஊரே சந்தோஷமா இருக்குன்னு ஆயிடும். அதனாலதான் திட்டு வாங்கிட்டு மறுபடி போய் நிக்கறேன்."

"எங்கிட்டயும் கேளுங்க" என்றாள் வாலு.

"உனக்கு ஓட்டு இல்லையேடி கண்ணு."

வாலு கொடியிலிருந்த பேன்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தபடியே சர்வேக்காரி மற்றதையும் சொன்னாள். 'நல்லாத்தானே இருக்கு?' என்று கேட்டால் அது கேள்வியே இல்லை. பதிலை நாமே ஊட்டுவது. கேட்கும்போது பக்கத்தில் இன்னொருத்தர் இருக்கக் கூடாது. அவர் என்ன சொன்னாலும் நம் முகம் மாறக் கூடாது. பத்திரிகையில் வருவதுபோல் ஆண்கள் இவ்வளவு, பெண்கள் இவ்வளவு என்று எப்படிப் பிரித்து எழுதுவது என்றும் வக்கீல் கேட்டாள். சர்வேக்காரி கட்டம் போட்டுக் காட்டினாள்.

"இதுல முக்கியமானது ஒண்ணு. யார் என்ன சொன்னாங்கன்னு வெளியே சொல்லவே கூடாது. அடிச்சாலும் சொல்லக் கூடாது. அந்த நம்பிக்கையிலதான் பதில் சொல்றாங்க."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்" என்றாள் வக்கீல்.

அடுத்த விடுமுறை நாளில் வக்கீல் பள்ளிக்கூட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒவ்வொருத்தரையும் தனியாகப் பிடித்து, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். பெரியவர்களுக்கு ஒரே தமாஷ். மாமனார்கூட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மீசையைத் தடவிக்கொண்டு பேட்டி கொடுத்தார்.

சர்வேக்காரியின் முறை வந்தபோது அவள் அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கங்க, ஒரு அஞ்சு நிமிஷம்" என்றாள் வக்கீல். குரல், தலை சாய்ப்பு எல்லாம் அப்படியே சித்தி.

சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி. குளியலறையில் அதிக நேரம் இருப்பது யார் என்பது இரண்டாவது. சர்வேக்காரி சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"இந்த வீட்டுல எல்லாரும் சேர்ந்தே இருக்கணுமா, தனித்தனியாப் போகணுமா?"

இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றுவிட்டது. "இதை யாருடி கேக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. யாருக்கும் தெரியாததைத்தான் கேக்கணும். எது வேணா சொல்லலாம் சித்தி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லிக்கொடுத்தபடியே முகத்தை வைத்துக்கொண்டு பெண் காத்திருந்தது. ஆனால் கண் இருக்கிறதே, அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. எத்தனையோ வாசலில் நின்று, எதிரில் இருப்பவர் மனசில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகப் பேசுவதை மூச்சு விடுவதை வைத்தே கண்டுபிடிக்கிற சர்வேக்காரி, அந்தக் கண்ணைப் பார்த்து, "சேர்ந்தேதான்" என்றாள். கேட்கிறவரைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிற பதில். அவள் தொழிலில் அதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. தேய்த்த சட்டை காலருக்குக் கீழே கருகியிருந்தது.

மறுநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது மொத்தக் குடும்பமும் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் வக்கீலின் கருத்துக் கணிப்பு, வண்ணப் பென்சிலில், காந்தப் பொம்மையின் கீழே. உப்பு: பெரும்பாலும் சரி. குளியலறை: தாத்தா. அதற்குக் கீழே கட்டம் போட்டு எழுதியிருந்தது.

ஆண்கள்: சேர்ந்தே இருக்கணும், மூன்று பேர்.
பெண்கள்: சேர்ந்தே இருக்கணும், இரண்டு பேர். தனியாப் போகணும், ஒருத்தர்.

சர்வேக்காரி அந்தக் கட்டத்தை மறுபடி படித்தாள். எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் ஒன்றை மறந்திருந்தாள். அவள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரிந்த சட்டம் அது. ஒரு கட்டத்துக்குள் ஆட்கள் ரொம்பக் குறைவாக இருந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். மூன்று பேரைப் பிரித்து எழுதினால் அது கணிப்பு இல்லை, கோள் சொல்வது. பெயர் போடவில்லை என்றாலும் பெயர் போட்ட மாதிரிதான். ஊர்க் கணக்கையே எடுத்துப் பழகியவளுக்கு, தன் வீடு எவ்வளவு சின்னது என்பது உறைக்கவில்லை.

"மூணே மூணு பொம்பளைங்க" என்றார் மாமனார். "என் சோத்தைத் தின்னுட்டு என் வீட்டை உடைக்கணும்னு நினைக்கிறவ யாரு?"

நாத்தனார் ஒரு காதை மட்டும் விடுவித்தாள். "நான் இல்லேப்பா. தனியாப் போனா எனக்கு யாரு சமைப்பா?" மறுபடி மாட்டிக்கொண்டாள். அவளைச் சந்தேகப்பட வழியே இல்லை.

"இந்த வீட்டுக்கு நான் எப்படி உழைச்சிருக்கேன்னு ஊருக்கே தெரியும்" என்றாள் ஓரகத்தி. இந்த முறை குழாயிடம் இல்லை, நேருக்கு நேர். "எவளுக்கு இங்க ஒட்டலையோ அவதான் சொல்லியிருப்பா. குழந்தை மனசுல நஞ்சை விதைச்சு, அது கையாலேயே எழுத வச்சிருக்கா பாருங்க."

எல்லாருடைய பார்வையும் சர்வேக்காரி மேல் வந்து விழுந்தது. கணவனுடையதும்தான்.

"நான் சேர்ந்தேன்னுதான் சொன்னேன்" என்றாள் அவள். அது சத்தியம். அவளுக்கே அது பொய்போல் கேட்டது.

"அப்ப மூணு பேருமே அப்படிச் சொன்னீங்களா? எழுதினவ இங்கதானே இருக்கா, அவகிட்டயே கேட்டுடுவோம்" என்று மூத்தவர் மகளின் காதைப் பிடித்தார். "சொல்லுடி. யாரு?"

வக்கீல் உதட்டைக் கடித்தாள். "சொல்லக் கூடாது."

ஓர் அறை விழுந்தது. கன்னத்தில் விரல்கள் பதிந்தன. அவள் வாயைத் திறக்கவில்லை. மூத்தவர் மறுபடி கையை ஓங்கினார்.

"அவளை எதுக்கு அடிக்கிறீங்க?" என்று ஓரகத்தி குறுக்கே வந்தாள். "அவகிட்ட ஒண்ணும் கேக்க வேணாம். அதான் யாருன்னு தெரியுதே! குழந்தையைக் கேக்காதீங்க, விடுங்க!"

அந்த இடத்தில்தான் சர்வேக்காரிக்குப் பொறி தட்டியது. சிந்தின தண்ணீருக்கெல்லாம் மகளை மொத்துகிறவள் இவள். இன்றைக்கு ஏன் கேட்க வேண்டாம் என்கிறாள்? அவள் வக்கீலைப் பார்த்தாள். பெண் தாத்தாவைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது, சித்தியைப் பார்த்தது, சுவரைக்கூடப் பார்த்தது. அம்மா நின்ற பக்கம் மட்டும் அதன் கண் திரும்பவில்லை.

தூண்! இந்த வீட்டைத் தாங்குகிற தூண்! சர்வேக்காரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. 'பரவாயில்லே, சொல்லிடு' என்று அவள் வக்கீலிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிக்கொடுத்தவளே விடுவித்துவிட்டால் பெண் சொல்லிவிடும். இத்தனை வருஷம் இரண்டாவது தடவை கழுவப்பட்ட அத்தனை பாத்திரத்துக்கும் சேர்த்து வட்டியும் முதலுமாகக் கிடைக்கும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் ஒன்றும் தெய்வப் பிறவி இல்லை.

ஆனால் அதைச் சொல்ல வேண்டிய வாய் வக்கீலுடையது. பெற்றவளைக் காட்டிக்கொடுத்த பெண் என்று அது இந்த வீட்டில் ஆயுசுக்கும் வாழ வேண்டும். கன்னம் வேறு வீங்கத் தொடங்கியிருந்தது.

"நான்தான்" என்றாள் சர்வேக்காரி. "தனியாப் போகணும்னு நான்தான் சொன்னேன். குழந்தையை விடுங்க."

"சித்தி..." என்று வக்கீல் வாயைத் திறந்தாள்.

"மூடு வாயை! யார் என்ன சொன்னாங்கன்னு வெளியே சொல்லக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

அவள் வக்கீலை அதட்டியது அதுதான் முதல் தடவை.

பிறகு நடந்ததை விஸ்தரிப்பானேன். மாமனார் தன் வாழ்நாள் வசவையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். மாசம் முடிவதற்குள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட வேண்டும், பட்டறைக்கு மகன் மட்டும் வரலாம், இவள் நிழல்கூட இந்த வாசலில் விழக் கூடாது. ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அழுகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அறைக்குள் கணவன் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள். வீடு பார்க்க அவன்தான் அலைந்தான்.

வக்கீல் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், சர்வேக்காரி மாடியில் துணி எடுக்கும்போது வந்து நின்றாள்.

"சித்தி, நீங்க பொய் சொன்னது எங்கிட்டயா, தாத்தாகிட்டயா?"

அந்த வக்கீலிடம் எதைச் சொல்லித் தப்புவது?

"உங்கிட்டதான். கேட்டது நீயாச்சே, உம்மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றது? அதனால அப்படிச் சொல்லிட்டேன்."

வக்கீல் விரல் விட்டு எண்ணினாள். "அப்ப மூணுல ஒண்ணு இல்லே, ரெண்டு..." என்றவள், சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நிரம்பிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலை" என்றாள் சர்வேக்காரி. ஒரு ஈரத் துணியை அந்த வீங்கின கன்னத்தில் ஒற்றி எடுத்தாள். இனி இந்த மாடியில் இவளோடு நிற்க முடியாது என்ற நினைப்பு வந்தபோது, தனி வீட்டு ஆசை பாழாய்ப் போகட்டும் என்றிருந்தது.

சாமான் ஏற்ற வேன் வந்த அன்று உதவிக்கு ஒரு கை நீளவில்லை. மாமனார் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிள்ளைகளை அறைக்குள் போட்டுப் பூட்டியிருந்தார்கள்; வாலு கதவை உதைக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டியை எடுக்க சர்வேக்காரி வாசலுக்கு வந்தபோது ஓரகத்தி எதிரில் நின்றாள். கையில் சர்வேக்காரியின் சின்னச் சட்டி. பளபளவென்று கழுவியிருந்தது.

"இது உன்னுது."

வாங்கிக்கொண்டாள். ஓரகத்தி சட்டியின் விளிம்பை விடவில்லை. திரும்பிக் கூடத்தைப் பார்த்துவிட்டு, பல்லிடுக்கில் பேசினாள். முகத்தில் நன்றி மருந்துக்குக்கூட இல்லை. கொன்றுவிடுகிற ஆத்திரம்தான் இருந்தது.

"நான் சொன்ன பதிலுக்கு நீ தனி வீடு போறே."

சர்வேக்காரி சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அன்னைக்குச் சத்தமாச் சொல்லியிருந்தா நீங்க போயிருக்கலாமேக்கா."

"போடி" என்றாள் ஓரகத்தி. சட்டியை விட்டாள். முகத்தில் அறைந்தாற்போல் கதவு சாத்தப்பட்டது.

சர்வேக்காரி சட்டியோடு வாசற்படியிலேயே நின்றாள். கதவுக்குப் பின்னால் ஓரகத்தியின் குரல், மாமனார் காதுக்கு எட்டும்படி, கணீரென்று கேட்டது.

"ஒழிஞ்சுது சனியன். இனிமே இந்த வீட்டுல எல்லாரும் ஒண்ணா நிம்மதியா இருக்கலாம். யாராவது அந்தக் குழாயை நிறுத்துங்க, தண்ணி வீணாப் போகுது."